பவரைக் குறைத்தேன், வைஃபை ஓடியது

திருவல்லிக்கேணியில் மாமா நடத்தும் மேன்ஷனில் மூன்று மாடி, மாடிக்கொரு ரவுட்டர். எல்லா அறையிலும் சிக்னல் கோடு நிறைய இருக்கும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் வீடியோ மட்டும் ஓடாது. "பெரிய ஆன்டெனாவா வாங்கிப் போடுடா" என்றார் மாமா.

ரவுட்டர்களுக்குள் நுழைந்து பார்த்தேன். மூன்றும் சேனல் 6, அதாவது ஒரே அலைவரிசை. மூன்றின் பவரும் 20 டிபிஎம் (சிக்னல் பவரின் அளவு). ஒன்று பேசினால் மற்ற இரண்டும் வாய்மூடிக் காத்திருக்கத்தானே வேண்டும்? ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 சேனல்களாகப் பிரித்தேன். கொஞ்சம் தேறியது.

அப்புறம் பவரை 14 டிபிஎம்முக்கு இறக்கினேன். 6 டெசிபல்தான் குறைவு, ஆனால் 100 மில்லிவாட் பவர் 25 ஆகிவிடும். மாமா முறைத்தார். ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும், போனின் மெல்லிய பதில் அதற்கு எட்டாவிட்டால் பயனில்லை. மேல்மாடிப் போன்கள் கீழ்மாடி ரவுட்டரையே பிடித்துத் தொங்கியதும் இதோடு நின்றது.

யாரோ அழகுக்காக ஆன்டெனாக் குச்சிகளைப் படுக்க வைத்திருந்தார்கள். குச்சி சிக்னலைப் பக்கவாட்டில்தான் வீசும், நுனிப் பக்கம் மிகக் குறைவு. நிமிர்த்தி வைத்தேன், அடுத்த மாடிக்குக் கசிவது குறைந்தது.

கடைசி அறையில் ஒரு கோடு போனது உண்மைதான். ஆனால் பத்து மணிக்கும் வீடியோ ஓடுகிறது. மாமா இன்னும் பெரிய ஆன்டெனா விலையைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.