சிறுபோகத் தண்ணீர்ப் பங்கீட்டில் கமக்காரர் அமைப்பு பிளவுபடாமல் இயங்குவது எப்படி

இலங்கையின் வன்னியில் ஒரு கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் ஒற்றுமையை, மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் அளந்துவிட முடியாது. குளம் நிரம்பி வான் பாயும்போது யார் எவ்வளவு நேரம் வாய்க்காலைத் திறந்து வைத்தார் என்று எவரும் கேட்பதில்லை. கோடையில் செய்யும் சிறுபோகத்திலோ, இரணைமடுவானாலும் முத்தையன்கட்டானாலும், குளத்தில் எஞ்சியிருக்கும் நீரைப் பார்த்தே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். அந்த நீர் பங்காகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக முறைத்தண்ணீர் (முறை வைத்து விடும் தண்ணீர்) ஓடத் தொடங்கிய பின்னர்தான் உறுப்பினர்களுக்கிடையே நம்பிக்கை உண்டா என்பது வெளிப்படும்.

கூட்டத்துக்குச் சென்ற பிரதிநிதி கேட்டுவந்த செய்தியை அன்றைக்கே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்க வேண்டும். ஒருவர் காலையிலும் மற்றவர் மூன்று நாள் கழித்துத் தேநீர்க் கடையிலும் அறிந்தால், செய்தி சரியாக இருந்தும் சந்தேகம் முளைத்துவிடும். வட்ஸ்அப் குழுவில் "நாளை தண்ணீர் வரும்" என்று போடுவதால் பயனில்லை. "நாலாம் வாய்க்கால்: செவ்வாய் காலை 6 மணிக்குத் திறப்பு, புதன் மாலை 6 மணிக்குப் பூட்டு. கடைசி வயலில் தண்ணீர் ஏறியதும் அங்கு நிற்பவர் படம் போடவும்" என்பதே அறிவித்தல். அதையே குரற்பதிவாகவும் அனுப்பி, ஒரு தாளில் எழுதிக் கமநல சேவை நிலையத்திலும் ஒட்டிவிட்டால், கைத்தொலைபேசியில் வாசிக்கத் தயங்கும் பெரியவர்களும் விடுபடமாட்டார்கள்.

படத்தைக் கடைசி வயலிலிருந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தலைப்பக்க வயல்காரருக்கு வாய்க்காலில் ஓடும் தண்ணீர் கண்ணுக்கு முன்னே தெரியும். கடைசி வயல்காரருக்கோ பிறர் சொல்வதைத் தவிர வேறு ஆதாரமில்லை. ஆகவே நிர்வாகத்தில், இயன்றால் பொருளாளராகவே, கடைசிப் பக்கத்தவர் ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். தலைவரும் செயலாளரும் தலைப்பக்கத்தவர்களாகவே அமைந்துவிட்ட குழுக்களில், அவர்கள் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் முணுமுணுப்பு ஓய்வதில்லை.

கெட்ட செய்தியை முந்திச் சொல்வதே இவை எல்லாவற்றிலும் கடினமானது. நீர்மட்டம் எதிர்பார்த்ததைவிட விரைவாக இறங்கி, முறை இரண்டு நாள் பிந்தும் என்று தெரிந்தால், தெரிந்த அன்றே அறிவியுங்கள். கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் பயிர் தண்ணீரின்றி வாடினால் நெல் மணி பிடிக்காமல் சப்பியாகிவிடும். முன்கூட்டி அறிந்தவர், அயலில் கிணறு இருந்தால் தண்ணீர் இறைக்கும் மெசின் போட்டாவது பயிரைக் காப்பாற்றப் பார்ப்பார். அறியாதவர் இரவில் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போவார். வாய்க்காலை வெட்டுகிறவர்களைப் பேராசைக்காரர் என்று திட்டுவது வழக்கம், ஆனால் அவர்களில் பலரை அங்கே கொண்டுபோவது பயம் என்றே நான் கருதுகிறேன்.

முறை மீறப்பட்டால் முதற்பேச்சு வாய்க்கால் கட்டிலேயே, இருவருக்கிடையில் நடக்க வேண்டும். "அண்ணை, உங்கட முறை ஆறு மணியோட முடிஞ்சுது, கதவு இன்னும் பூட்டேல்லை" என்று நேரில் சொன்னால் பெரும்பாலும் கதவு பூட்டப்படும். அதையே பொதுக்கூட்டத்தில் எழுந்து சொன்னால் அவர் தன் மானத்தைக் காக்கவே வாதாடுவார். அதன் பின்னும் தொடர்ந்தால் நிர்வாகத்திடமும், அடுத்துக் கமநல அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் போகலாம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்திருப்பதால், நிர்வாகம் எடுத்த தீர்மானத்தைக் கூட்டறிக்கையில் எழுதிக் கையொப்பம் பெற்று வைப்பது பின்னர் கைகொடுக்கும். எடுத்த எடுப்பில் பொலிசுக்குப் போன வழக்குகள் அறுவடைக்குப் பின்னும் முடிவதில்லை.

காசு விடயத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. வாய்க்கால் துப்புரவுச் சிரமதானத்துக்கு வராதவரிடம் அறவிடும் பணத்துக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள், கணக்குக் கொப்பியை யார் கேட்டாலும் காட்டுங்கள்.

அறுவடை முடிந்து காலபோக விதைப்புத் தொடங்குவதற்கு முன், எந்த வயலுக்கு எத்தனை முறை தண்ணீர் தவறியது என்பதைப் பதிவேட்டைப் பார்த்து எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். அதிகம் தவறிய வயல்களுக்கு அடுத்த சிறுபோகத்தின் முதல் முறையை ஒதுக்குவதென்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.