வலையில் வந்த எலிவால் மீன் எந்த இனம்? தலையையும் செவிக்கல்லையும் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

கொல்லம் பக்கத்தில் சக்திகுளங்கரை, நீண்டகரை, இந்தப் பக்கம் தூத்துக்குடி. இங்கெல்லாம் ஆழ்கடல் இறாலுக்குப் போய்வரும் விசைப்படகுகள் இறாலோடு சேர்த்து வேறு பல ஆழ்கடல் மீன்களையும் அள்ளி வருகின்றன. அவற்றில் பெரிய தலையும் பெரிய கண்ணும் கொண்டு, பின்னால் போகப் போக மெலிந்து கூராக முடியும் மீன் ஒன்று இருக்கும். அதுதான் எலிவால் மீன். மேக்ரூரிடே குடும்பம். விலை கிடையாது என்பதால் பெரும்பாலும் சங்காயத்தோடு (விற்காத கழிவு மீன்களோடு) சேர்ந்து தீவனத்துக்குப் போய்விடும். மீன்களைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது நல்ல பயிற்சிப் பொருள், செலவும் இல்லை.

இதன் தொல்லை என்னவென்றால், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பழுப்பு, சாம்பல், மறுபடியும் பழுப்பு. நிறத்தை நம்பினால் எங்கும் போய்ச் சேர முடியாது. தலையின் அடிப்பக்கமும், காதுக்குள் இருக்கும் சிறு கல்லான செவிக்கல்லும்தான் கைகொடுக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மீனைப் பக்கவாட்டில் வைத்து ஒரு படம் எடுத்து, "இது என்ன மீன்?" என்று கேட்கிறார்கள். அந்தப் படத்தை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. மீனைத் திருப்பிப் போட வேண்டும்.

தேவையானவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், வெர்னியர் காலிப்பர், நுனி மெலிந்த இடுக்கி, ஒரு ஊசி, கூரான கத்தி, கறுப்புத் துணி, சின்னக் காகித உறைகள், பென்சில். நுண்ணோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பெரும்பாலான வேலை நடக்கும்.

படி 1: எலிவால்தானா என்று உறுதிசெய்யுங்கள்

தனியாக ஒரு வால் துடுப்பு இருக்காது. முதுகில் குட்டையாக உயர்ந்த முதல் துடுப்பு, அதன் பின்னால் நீளமாக ஓடும் இரண்டாவது துடுப்பு. கீழே மலவாய்த் துடுப்பின் கதிர்கள் இரண்டாவது முதுகுத் துடுப்பின் கதிர்களைவிடத் தெளிவாக நீளமாக இருந்தால், நாம் பேசப்போகும் கூட்டம் இதுதான். நேர்மாறாக, முதுகுக் கதிர்கள் நீளமாகவும் வாய் பெரிதாக முகத்தின் முன்முனையிலும் இருந்தால், அது பாத்திகேடஸ் அல்லது கேடோமஸ் என்ற பேரினங்களின் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த கூட்டங்களின்) பக்கம் போகும். கேடோமஸுக்குத் தாடைக்குக் கீழே நீளமான மீசை இருக்கும். பாத்திகேடஸுக்கு அது மிகச் சிறியது, அல்லது இல்லவே இல்லை. இந்த இரண்டையும் இப்போது ஒதுக்கிவைப்போம்.

படி 2: அளவெடுங்கள், ஆனால் வாலை விட்டுவிடுங்கள்

இந்த மீன்களின் வால் நுனி அடிக்கடி முறிந்துபோயிருக்கும். அதனால் மொத்த நீளம் நம்பத்தகாதது. மூக்கு நுனியிலிருந்து மலவாய்த் துடுப்பு தொடங்கும் இடம்வரை அளப்பதுதான் ஆய்வாளர்களின் வழக்கம். அதோடு தலை நீளம், மூக்கு நீளம், கண்குழியின் விட்டம். இந்த மூன்றையும் எழுதிவைத்தால், மூக்கு கண்ணைவிட நீளமா, குட்டையா என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும். இனங்களைப் பிரிக்கும்போது இது பலமுறை தேவைப்படும்.

கண் பிதுங்கியும் வயிறு வாய் வழியாக வெளியே தள்ளியும் இருந்தால் பயப்பட வேண்டாம். மேலே வரும்போது நீரழுத்தம் குறைய, காற்றுப்பையில் உள்ள வாயு விரிவதால் வரும் கோலம் அது. இனத்தின் அடையாளம் அல்ல. படம் எடுப்பதும் இப்போதே. இடப்பக்கம், மேலிருந்து, அடியிலிருந்து என மூன்று. வெட்டுவதெல்லாம் வலப்பக்கம்தான், இடப்பக்கத்தைக் குலைக்காமல் வைத்திருப்பது மீன் ஆய்வில் நெடுநாள் வழக்கம்.

படி 3: கண்ணுக்குக் கீழே விரலால் தடவுங்கள்

மூக்கு நுனியில் தொடங்கி, கண்ணுக்கு அடியில் ஓடி, கன்னத்தின் பின்மூலைவரை ஒரு கெட்டியான வரம்பு நகத்தில் தட்டுப்படுகிறதா? முரட்டுச் செதில்களோடு இடைவெளி இல்லாமல் ஓடினால் பெரும்பாலும் கீலோரிங்கஸ் பேரினம். தலை மெத்தென்று, எலும்பு மெலிந்து கண்ணாடித் தாள் மாதிரி இருந்தால் ஹைமனோசெபாலஸைச் சந்தேகிக்கலாம். அதன் மார்பின் அடியில் மெல்லிய வெள்ளிக் கோடுகள் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 4: மீனைத் திருப்புங்கள்

முக்கியமான படி இதுதான், நிதானமாகச் செய்யுங்கள்.

செவுள் மூடிக்கு அடியில், தொண்டையின் இருபுறமும் ஒரு சவ்வு இருக்கும். அதைத் தாங்கி நிற்கும் வளைந்த எலும்புக் கதிர்களை ஒரு பக்கத்தில் எண்ணுங்கள். ஆறா, ஏழா? இந்த ஒரே ஒரு எண் குடும்பத்தைப் பாதியாக உடைத்துவிடும். கீலோரிங்கஸ், கோரிஃபீனாய்டஸ், மேக்ரூரஸ் ஆகியவற்றுக்கு ஆறு. நெசூமியா, வென்ட்ரிஃபோசா, மாலகோசெபாலஸ், ஹைமனோசெபாலஸ் ஆகியவற்றுக்கு ஏழு. முன்னால் இருக்கும் கதிர் மிக மெலிதாக இருப்பதால் எளிதில் தப்பிவிடும். சவ்வை ஊசியால் மெல்ல விரித்து, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து எண்ணுங்கள். சந்தேகம் வந்தால் மறுபக்கத்தையும் எண்ணிவிடுங்கள்.

அடுத்து மலவாய் எங்கே என்று பாருங்கள். மலவாய்த் துடுப்பை ஒட்டியே இருந்தால் பெரும்பாலும் கீலோரிங்கஸ் அல்லது கோரிஃபீனாய்டஸ். துடுப்பிலிருந்து தள்ளி, இடுப்புத் துடுப்புகள் பக்கம் நகர்ந்திருந்தால் ஏழு கதிர்க் கூட்டம். ஆக, கதிர் எண்ணிக்கையும் மலவாயின் இடமும் ஒன்றையொன்று சரிபார்க்கும். இரண்டும் முரண்பட்டால், நீங்கள் ஒரு கதிரை விட்டிருக்கலாம், மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.

மலவாய்க்கு முன்னால் செதில் இல்லாத கறுத்த குழி தெரிகிறதா? அதுதான் ஒளியுறுப்பின் சன்னல். உள்ளே ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. கீலோரிங்கஸ் இனங்களைப் பிரிக்க இந்த உறுப்பு எவ்வளவு தூரம் முன்னால் நீள்கிறது என்பது பெரிய துணை. சிலவற்றில் மலவாயின் அருகிலேயே நின்றுவிடும், சிலவற்றில் மார்புவரை போகும். மாலகோசெபாலஸில் இரண்டு குழிகள்: மலவாய்க்கு முன் ஒன்று, இடுப்புத் துடுப்புகளின் நடுவே இன்னொன்று. போர்த்துகலின் செசிம்பிரா மீனவர்கள் மாலகோசெபாலஸ் லேவிஸின் வயிற்றை அழுத்தி வரும் ஒளிரும் திரவத்தைத் தூண்டில் இரையில் பூசிவந்தார்கள். அதே இனம் நம் இந்தியப் பெருங்கடலிலும் உண்டு.

தலையின் அடிப்புறத்தில் செதில் உண்டா, வெறுமையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதைக் குறிக்க மறந்தால், பின்னால் அடையாளத் திறவுகோலின் (கேள்வி கேள்வியாகப் போய் இனத்தைக் கண்டுபிடிக்கும் பட்டியலின்) நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 5: முதுகு முள்

முதல் முதுகுத் துடுப்பில் ஒரு சின்ன முள்ளும், அதன் பின்னால் நீண்ட முள் ஒன்றும் இருக்கும். நீண்ட முள்ளின் முன்விளிம்பை நுனியிலிருந்து அடிநோக்கித் தடவுங்கள். ரம்பம்போல் உரசினால் நெசூமியா, வென்ட்ரிஃபோசா, கோரிஃபீனாய்டஸ் பக்கம். வழவழப்பாக இருந்தால் மாலகோசெபாலஸ். கீலோரிங்கஸிலும் பெரும்பாலும் வழவழப்புதான், சிலவற்றில் லேசான சொரசொரப்பு இருக்கும்.

படி 6: செவிக்கல்லை எடுப்பது

ஒவ்வொரு காதிலும் மூன்று கற்கள் உண்டு. நமக்கு வேண்டியது அவற்றில் பெரியதான சஜிட்டா. எலிவால் மீன்களில் இது நன்றாகப் பெரிதாகவே இருக்கும். பல இனங்களின் ஆண் மீன்களுக்குக் காற்றுப்பையின்மேல் ஒலியெழுப்பும் தசைகள் இருப்பதைப் பார்த்தால், இருட்டில் காது எவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

ஒரே இனத்தில் இரண்டு மீன் கிடைத்திருந்தால் ஒன்றின் மண்டையை மேலிருந்து திறக்கலாம். கண்களின் மேல்விளிம்பு மட்டத்தில் கத்தியை வைத்துப் பின்நோக்கி அறுத்து, மூடியைத் தூக்குங்கள். மூளையை ஒதுக்கினால், அதன் பின்பகுதிக்கு அடியில் இருபுறமும் வெள்ளையாகக் கற்கள் தெரியும். ஒரே மீன்தான் இருக்கிறதென்றால் செவுள் வழியாகப் போங்கள். செவுள் வளைவுகளை விலக்கி, மண்டையின் அடிப்பகுதியில் உப்பிய எலும்பைக் கீறி எடுத்தால் தலையின் வெளித்தோற்றம் கெடாது.

கல்லை நீரில் கழுவி, ஒட்டிய சவ்வை நீக்கி, உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். மீனைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது, அமிலத்தன்மை ஏறிய ஃபார்மலின் அதைத் தின்றுவிடும். முழு மீனை ஃபார்மலினில் இட நினைத்தால், அதற்கு முன்பே கல்லையும் மரபணுச் சோதனைக்கான சதைத் துண்டையும் எடுத்துவிட வேண்டும். சதை எத்தனாலில்.

படி 7: கல்லைப் படிப்பது

கறுப்புத் துணியில் வைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் பள்ளம் தெரியாது. நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும் பக்கம்தான் உட்பக்கம், அதுதான் மேலே இருக்க வேண்டும். முதுகு விளிம்பை மேலாக வைத்து இந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது, இடக் கல்லின் முன்முனை வலப்புறம் இருக்கும், வலக் கல்லுக்கு இடப்புறம். தொடக்கத்தில் தலைசுற்றும். எடுக்கும்போதே எந்தப் பக்கத்துக் கல் என்று உறையில் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

காட் மீன் வரிசையைச் சேர்ந்தவற்றில் இந்தப் பள்ளம் நடுவே இடுங்கி, உடுக்கை மாதிரி முன்பாதி பின்பாதியாகப் பிரிந்திருக்கும். எலிவால் மீன் அந்த வரிசைதான். பக்கத்தில் ஒரு மிக்டோஃபிட் மீனின் (ஒளிரும் சிறு ஆழ்கடல் மீனின்) கல்லை வைத்துப் பாருங்கள், உருண்டையான சிறு கல், முன்னால் துருத்தும் மூக்கு, பள்ளத்தின் முன்பாதி நீளம், பின்பாதி குட்டை. வித்தியாசம் சட்டென்று பிடிபடும்.

இப்போது குறிக்க வேண்டியவை: கல்லின் நீளம், உயரம், இரண்டின் விகிதம். முதுகு விளிம்பில் மேடு உண்டா, எந்த இடத்தில். பின்முனை கூரா, மழுங்கலா. பள்ளம் விளிம்பைத் தொடுகிறதா, முன்பே நிற்கிறதா. இரு பாதிகளில் எது நீளம்.

ஒப்பிட, பார்சிலோனா கடலியல் நிறுவனத்தின் அஃபோரோ தளத்தில் ஏராளமான செவிக்கல் படங்கள் இருக்கின்றன. ஒப்பிடும்போது உங்கள் மீனின் அளவுக்கு நெருங்கிய மீனின் கல்லையே எடுங்கள். இளம் மீனின் கல் உருண்டையாக, விளிம்பு சீராக இருக்கும். வயதானால் மேடும் முடிச்சும் ஏறும், இரண்டையும் பார்த்தால் வேறு இனம் என்றே தோன்றும். ஒரு கல் மட்டும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவிக் கோணலாக இருந்தால், அது வேறு படிக வடிவில் வளர்ந்த குறைபாட்டுக் கல். மறுபக்கக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு மீனின் வயிற்றில் கிடைத்த கல் என்றால் செரிமான அமிலத்தில் விளிம்பு தேய்ந்திருக்கும், பேரினத்தோடு நின்றுவிடுவது உத்தமம்.

படி 8: பெயர் எழுதுவது

ஆறு கதிர், கண்ணுக்குக் கீழே கெட்டியான வரம்பு, துடுப்பை ஒட்டிய மலவாய். சரி, கீலோரிங்கஸ். ஆனால் அந்தப் பேரினத்தில் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். இங்கிருந்து மூக்கு நீளம், ஒளியுறுப்பின் நீளம், அடித்தலைச் செதில், செதில் முட்களின் அமைப்பு என்று போக வேண்டும். மூக்கை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, முன்விளிம்பு முழுக்க எலும்பா, இடையில் ஒளி புகும் இடம் உண்டா என்றும் பாருங்கள். நம் கடல்களின் இனங்கள் பலவற்றை முதலில் விவரித்தவர் ஆல்ஃபிரட் ஆல்காக், 1888 முதல் 1892 வரை இன்வெஸ்டிகேட்டர் ஆய்வுக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கையியலராகவும் இருந்தவர். கீலோரிங்கஸ் ஃப்ளாபெல்லிஸ்பினிஸ் அவர் 1894இல் பெயரிட்டது. ஆகவே அட்லாண்டிக் மீன்களுக்கான திறவுகோலை வைத்துக்கொண்டு தூத்துக்குடி மீனுக்குப் பெயர் தேடாதீர்கள். இந்தியப் பெருங்கடலுக்கான விவரிப்புகளில் தொடங்குங்கள்.

தலை ஒரு பெயரையும் கல் வேறு பெயரையும் சொன்னால் நான் தலையைத்தான் நம்புவேன். கல் ஒரே இனத்துக்குள்ளேயே நிறைய மாறும். இரண்டும் பேரினம்வரை ஒத்துப்போய், இனத்தில் தடுமாறினால் பேரினப் பெயரோடு "இனம் தெரியவில்லை" என்று எழுதி, பிடித்த இடம், ஆழம், தேதி, அளவுகள், கதிர் எண்ணிக்கை எல்லாவற்றையும் பென்சிலால் உறையின்மேல் குறியுங்கள். பேனா மை எத்தனால் பட்டால் கரைந்துவிடும்.