முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள்: புதிய கோல்கீப்பருக்கான பாதுகாப்புப் பாடம்

பள்ளி கிரவுண்டில் ஆள் பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சுகிறவனைப் பார்த்து, "நீ கோல்ல நில்லுடா" என்பார்கள். என்னையும் அப்படித்தான் நிறுத்தினார்கள். அப்போது எட்டாம் வகுப்பு. பந்தைத் தடுக்கச் சொன்னார்கள், விழுவது எப்படி என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. மூன்றாவது வாரமே வலப்பக்கம் வந்த பந்துக்குப் பாய்ந்து, முழங்கையை ஊன்றி விழுந்தேன். சரளை மண். ஒன்றரை மாதம் மாவுக்கட்டோடு திரிந்தேன்.

இப்போது மாலையில் சிறுவர்களுக்குக் கால்பந்துக் கீப்பிங் சொல்லித் தருகிறேன். இத்தனை வருடத்தில் நான் கண்டது இது: துணிந்து போகிற பையனைவிட, போவதா வேண்டாமா என்று பாதியில் தயங்குகிற பையனுக்குத்தான் அதிகம் அடிபடுகிறது. தயக்கம் போக முறை தெரிய வேண்டும். அந்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். கோலில் புதிதாக நிற்பவர்களும், அவர்களை அங்கே நிறுத்துகிற அண்ணன்களும் அப்பாக்களும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

படி 1: தரையையும் போஸ்டையும் பாருங்கள்

பந்தைத் தொடும் முன் ஐந்து நிமிடம் கோல் ஏரியாவை நடந்து பாருங்கள். கல், கண்ணாடித் துண்டு, ஆணி எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போடுங்கள். கோல் லைனுக்கு முன்னால், எல்லாக் கீப்பர்களும் நின்று நின்று ஒரு குழி விழுந்திருக்கும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் அங்கேதான். இரண்டு சட்டி மணல் கொட்டி மிதித்துவிட்டால் சரியாகிவிடும்.

தூக்கி வைக்கிற இரும்பு கோல் போஸ்ட் என்றால் இன்னும் கவனம் தேவை. அது முன்பக்கமாகச் சாய்ந்து குழந்தைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. தரையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கால்பந்து விதி 1 சொல்கிறது. பின்சட்டத்தில் மணல் மூட்டை வையுங்கள், அல்லது முளை அடித்துக் கட்டுங்கள். பாரில் தொங்கி ஊஞ்சலாட யாரையும் விடாதீர்கள்.

மோதிரம், காப்பு, கையில் கட்டிய சாமிக் கயிறு, கழுத்துச் சங்கிலி எல்லாம் வெளியே. டேப் சுற்றி மறைப்பதையும் விதி அனுமதிப்பதில்லை. வலைக் கொக்கியில் மோதிரம் மாட்டினால் விரலே போகும்.

படி 2: உடுப்பு

கிளவுஸ் போட்டதும் விரல் நுனிக்கு மேல் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும், அதிகமாகத் தொளதொளக்கக் கூடாது. உள்ளங்கை ரப்பரை லேசாக ஈரப்படுத்தினால் பிடி கூடும். விரலுக்குப் பின்னால் பட்டை வைத்த கிளவுஸும் கடையில் கிடைக்கிறது. விரல் பின்பக்கம் மடங்குவதை அது தடுக்கும். ஆனால் பக்கவாட்டில் சுளுக்குவதையோ, பந்து நுனியில் இடிப்பதையோ அது தடுக்காது. அதனால் பிடிக்கும் முறையைக் கற்ற பிறகு அதை வாங்குவதே நல்லது.

முழுக்கை சட்டை, இடுப்பில் பஞ்சு வைத்த ஷார்ட்ஸ், ஷின் கார்ட் (முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் காக்கும் பட்டை) இருந்தால் தொடங்கலாம். ஷின் கார்ட் விதிப்படி கட்டாயம். கடினமான தரையில் டிராக் பேன்ட் போடலாம், கீப்பருக்கு விதியிலேயே அனுமதி உண்டு. முழங்கைக்கு உறை வாங்க வசதியில்லையா? பழைய கால்பந்து சாக்ஸின் பாதப் பகுதியை வெட்டிவிட்டு மீதியை மடித்து முழங்கையில் மாட்டிக்கொள்ளுங்கள். என் பையன்களில் பாதிப் பேர் அப்படித்தான் ஆடுகிறார்கள். சிராய்ப்பு நன்றாகவே குறைகிறது.

படி 3: உடம்பைச் சூடாக்குதல்

மெதுவாக ஓட்டம், பக்கவாட்டு ஓட்டம், தோள் சுற்றல், பிறகு மென்மையாக வீசிய பந்தைப் பிடித்தல். பதினைந்து நிமிடம் போதும். ஃபிஃபாவின் '11+' என்ற காயத் தடுப்புப் பயிற்சித் திட்டத்தில், கீப்பரின் தோளைக் காப்பதற்கென்றே தனி வடிவம் ஒன்று இருக்கிறது. கோச்சாக இருப்பவர்கள் அதைத் தேடிப் பாருங்கள்.

படி 4: விழுவது

இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அவசரப்படவே கூடாது. மணல் கொட்டிய இடமோ, புல்லோ, பழைய மெத்தையோ ஏதாவது ஒன்றில் தொடங்குங்கள்.

முதலில் காலை நீட்டி உட்காருங்கள். நண்பர் ஒருவர் பக்கத்தில் பந்தை உருட்டட்டும். இரண்டு கையையும் பந்தை நோக்கி நீட்டியபடியே பக்கவாட்டில் சாயுங்கள். கீழ்க்கை பந்துக்குப் பின்னால், மேல்கை பந்தின் தலையில். தரை மூன்றாவது கை. பந்து அந்த மூன்றுக்கும் நடுவில் சிக்க வேண்டும். இடம் இருபது, வலம் இருபது.

அடுத்து முட்டி போட்டபடி அதையே செய்யுங்கள். பிறகு குத்துக்காலிட்டு. அதன்பிறகே நின்ற நிலையிலிருந்து. நின்று விழும்போது பந்து வரும் பக்கத்துக் காலைச் சாய்வாக முன்னே வைத்து முட்டியை மடக்குங்கள். அப்போது விழ வேண்டிய உயரமே பாதியாகிவிடும். தரையில் படுகிற வரிசை இது: கெண்டைக்காலின் வெளிப்பக்கம், தொடை, இடுப்பின் பக்கம், விலா, தோள். ஒரே இடத்தில் அடி இறங்காமல் நீளமாகப் பரவிவிடுகிறது. வயிறு தரையில் அடிக்கக் கூடாது, முதுகும் கூடாது. மேலே இருக்கிற முட்டியை லேசாக மார்பை நோக்கி மடக்கினால் வயிற்றுக்கு அதுவே காவல்.

போன மாதம் ஒரு பையன் வந்தான், பன்னிரண்டு வயது. ஒவ்வொரு தடவையும் விழும் முன் கீழ்க்கையை மடக்கித் தரையில் ஊன்றினான். "கையை ஊன்றாதே தம்பி" என்று பத்து முறை சொல்லியிருப்பேன். பயன் இல்லை, அது உடம்பு தானாகச் செய்கிற வேலை. அப்புறம் பந்தை அவன் இரண்டு கையிலும் கொடுத்து, "இதை விடாமல் அந்த மணலில் கொண்டுபோய் வை" என்றேன். கையில் பந்து இருந்ததால் ஊன்ற முடியவில்லை. பந்து முதலில் மணலில் பட்டது, பின்னாலேயே தோள் வந்தது. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே, "அண்ணா, வலிக்கவே இல்ல" என்றான். முழங்கை ஊன்றுகிற பழக்கம் உங்களுக்கும் இருந்தால் இதையே செய்து பாருங்கள்.

கட்டாந்தரையில் ஒரு மாலையில் முப்பது டைவுக்கு மேல் தொடக்கக்காரரைப் போடச் சொல்லாதீர்கள். இடுப்பில் ஊமைக்காயம் ஏறினால் அடுத்த நாள் அந்தப் பக்கம் விழப் பயப்படுவார். பயந்தால் மறுபடி கையை ஊன்றுவார்.

படி 5: கைகள்

விரல் நுனி ஒருபோதும் பந்தைப் பார்த்து நிற்கக் கூடாது. மார்புக்கு மேல் வரும் பந்துக்கு இரண்டு கட்டைவிரலும் நெருங்கி, உள்ளங்கை பந்தைப் பார்க்க வேண்டும். இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் நெருங்கி, விரல்கள் தரையைப் பார்க்க வேண்டும். பந்து வரும்போது முழங்கை கொஞ்சம் மடங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளட்டும். விறைத்த கையில்தான் விரல் பிசகும்.

படி 6: உயரப் பந்து

கிராஸுக்கு, அதாவது ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் தூக்கி அடிக்கும் பந்துக்கு, ஒற்றைக் காலில் எழும்புங்கள். எதிராளி நெருங்கும் பக்கத்து முட்டி மேலே வரட்டும். உயரம் கிடைக்கும், விலாவுக்கும் காவல். ஆனால் முட்டியை நீட்டி அடுத்தவரை இடிக்காதீர்கள். 1982 உலகக்கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனி கீப்பர் ஷூமாக்கர் பாய்ந்து மோதியதில் பிரான்ஸின் பாட்டிஸ்டன் நினைவிழந்தார், பற்களும் போயின. கீப்பரால் அடுத்தவருக்கும் ஆபத்து வரும் என்பதை முதல் நாளே மனதில் வையுங்கள்.

குரல் கொடுப்பதும் இந்தப் படியில்தான். வருவதென்று முடிவெடுத்த கணமே "கீப்பர்!" என்று தொண்டை கிழியக் கத்துங்கள். அது எதிரணிக்கு மட்டுமில்லை, உங்கள் டிஃபெண்டருக்கும்தான். 2017 அக்டோபர் 15 அன்று இந்தோனேசியாவின் பெர்செலா லாமோங்கன் அணிக் கீப்பர் சோய்ருல் ஹூடா, லீக் ஆட்டத்தில் தன் அணி வீரரோடே மோதி இறந்தார். வயது 38. சொந்த அணிக்காரரின் முட்டியும் முட்டிதான்.

படி 7: காலடியில் பாய்வது

கீப்பருக்கு மிக ஆபத்தான இடம் இதுதான். 1931 செப்டம்பர் 5 அன்று கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் கீப்பர் ஜான் தாம்சன் எதிராளியின் காலடியில் பாய்ந்தார். முட்டி தலையில் பட்டது, அன்றிரவே இறந்தார். வயது 22. எழுபத்தைந்து ஆண்டு கழித்து, 2006 அக்டோபர் 14 அன்று, ரெடிங் மைதானத்தில் ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே செல்சி கீப்பர் பீட்டர் செக் உருண்டு வந்த பந்தைச் சரிந்து எடுத்தார். ஓடிவந்தவரின் முட்டி தலையில் மோதி மண்டையோடு உள்ளே அமுங்கியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2007 ஜனவரியில் திரும்பினார். 2019-ல் ஓய்வு பெறும்வரை தலைக்கவசத்தோடுதான் ஆடினார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. முறைப்படி ஆடினாலும் ஆபத்து முழுசாக நீங்காது என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. குறைக்க முடியும், அவ்வளவுதான்.

குறைப்பது இப்படி. ஸ்டிரைக்கரின் காலிலிருந்து பந்து சற்று விலகும் அந்த நொடியில் கிளம்புங்கள். அந்த நொடி தவறிவிட்டால் பாயாதீர்கள், நின்றபடியே பந்து கோலுக்குப் போகும் கோணத்தை மறித்துக்கொள்ளுங்கள். பாய்ந்தால் கால் முன்னே போகக் கூடாது, தலையும் கூடாது. கைதான் முதலில் போக வேண்டும். உடம்பு ஸ்டிரைக்கருக்குக் குறுக்கே நீளமாகக் கிடக்கட்டும், முகம் கைகளுக்குப் பின்னால் இருக்கட்டும். பந்து கைக்கு வந்ததும் அதை மார்போடு சேர்த்து, முட்டியை மடக்கி, மோவாயை உள்ளே இழுத்துச் சுருண்டுகொள்ளுங்கள்.

பயிற்சியில் இதை முதலில் நடந்து வருகிற ஆளோடு செய்யுங்கள். ஓடிவருகிற ஆள் பிறகு.

மெத்தென்ற தலைக்கவசம் போட்டால் போதுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். விதி அதை அனுமதிக்கிறது. நெற்றிக் கிழிசல், சிராய்ப்புக்கு உதவும். மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பி எதையும் வாங்காதீர்கள்.

படி 8: உங்களைக் காக்கிற விதி

1936-ல் இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் அணிக் கீப்பர் ஜிம்மி தார்ப் ஆட்டத்தில் உதைபட்டு, சில நாளில் இறந்தார். அவருக்கு நீரிழிவும் இருந்தது. பந்து கீப்பர் கையில் இருக்கும்போது அதை உதைக்கக் காலைத் தூக்கக் கூடாது என்ற தடை அதன் பிறகுதான் வந்தது. இன்றைய விதியில், பந்து உங்கள் இரு கைகளுக்கு நடுவில் இருந்தாலும், ஒரு கைக்கும் தரைக்கும் நடுவில் இருந்தாலும், அது உங்கள் கட்டுப்பாட்டில்தான். யாரும் மோதக் கூடாது. உங்கள் அணி ஸ்டிரைக்கர்களுக்கும் இதைச் சொல்லுங்கள், பயிற்சியில் உங்கள் மேல் ஏறி வருவது அவர்கள்தானே. பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். இது 2025-ல் வந்த மாற்றம்.

அடிபட்ட மற்ற வீரர்கள் சிகிச்சைக்கு வெளியே போக வேண்டும். கீப்பருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, உள்ளேயே பார்க்கலாம். எனவே யாரும் உங்களை அவசரப்படுத்தி எழுப்பத் தேவையில்லை.

படி 9: தலையில் அடிபட்டால்

இந்தப் பகுதி வெளியே நிற்கிறவர்களுக்கு. ஏனென்றால் இதில் முடிவெடுக்கும் உரிமை கீப்பருக்கு இல்லை. 1956-ல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டி கீப்பர் பெர்ட் டிராட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலேயே கடைசிப் பதினேழு நிமிடம் ஆடினார். முறிவு தெரிந்தது சில நாள் கழித்து எக்ஸ்ரேயில். அதை வீரக்கதையாகச் சிறுவர்களுக்குச் சொல்லாதீர்கள். அன்று மாற்று ஆட்டக்காரர் இறங்க வழியே இல்லை. இன்று இருக்கிறது. மூளை அதிர்ச்சிக்கென்றே கூடுதல் மாற்று ஆளை இறக்கப் போட்டி நடத்துவோர் அனுமதிக்கலாம் என்று 2024 முதல் விதியிலேயே இடமிருக்கிறது.

நம் கிரவுண்டுகளில் நான் அடிக்கடி பார்ப்பது: விழுந்தவனைச் சுற்றிப் பத்துப் பேர், இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தி, முகத்தில் தண்ணீர் அடித்து, "ஒண்ணுமில்ல, நடடா" என்பார்கள். தயவுசெய்து தூக்காதீர்கள். கழுத்து வலிக்கிறது என்றாலோ, கை கால் மரத்திருந்தாலோ, நினைவு தப்பியிருந்தாலோ, அப்படியே அசையாமல் படுக்க விட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி, வலிப்பு, இரட்டையாகத் தெரிவது, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைதான்.

எழுந்து நன்றாகப் பேசுகிறான் என்றால் கேளுங்கள்: இது எந்த கிரவுண்டு? இப்போது முதல் பாதியா இரண்டாவதா? கடைசியாக கோல் போட்டது யார்? போன ஆட்டம் யாரோடு? ஒன்றில் தடுமாறினாலும் வெளியே. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லி, ஆனால் பார்வை எங்கோ இருந்தாலும் வெளியே. அன்றைக்குத் திரும்ப இறங்கக் கூடாது. இரவு தனியாக விடாதீர்கள், மருத்துவரைப் பார்த்த பிறகே படிப்படியாக ஆட்டம்.

படி 10: விரலும் மணிக்கட்டும்

விரல் பிசகினால் பிடித்து இழுக்காதீர்கள், எண்ணெய் போட்டு உருவி விடவும் கொடுக்காதீர்கள். உள்ளே முறிவு இருந்தால் உருவுவது அதை நகர்த்திவிடும். துணியில் சுற்றிய ஐஸை பதினைந்து இருபது நிமிடம் வையுங்கள், பக்கத்து விரலோடு சேர்த்து டேப் போடுங்கள். நுனி தொங்கி, நீங்களாக நிமிர்த்த முடியவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம், உடனே மருத்துவரிடம் போங்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குழி இருக்கும். கையை ஊன்றி விழுந்த பிறகு அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அங்குள்ள சிறு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். வலி நீடித்தால் பத்து நாள் கழித்து இன்னொரு எக்ஸ்ரே கேட்டு எடுங்கள்.

குணமாகித் திரும்பும் நாளில் நேராக போஸ்டுக்குப் போய் நிற்காதீர்கள். மணலில் காலை நீட்டி உட்காருங்கள், பந்தை உருட்டச் சொல்லுங்கள். இடம் இருபது, வலம் இருபது.