பழைய டிரக் என்ஜினில் டைமிங் செயின் மாற்றும்போது

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைப்பது டைமிங் செயின். அது தளர்ந்திருக்கிறதா என்பதை என்ஜினின் முன்மூடியைக் கழற்றாமலேயே அறியலாம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை எடுத்துவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி ஒரு திசையில் திருப்பி நிறுத்துங்கள். பின்னர் எதிர்த்திசையில் திருப்பும்போது, அதனுள் கேமால் சுழலும் ரோட்டர் அசையத் தொடங்குமுன் கிராங்க் எத்தனை டிகிரி வெறுமனே சுற்றுகிறது என்று கப்பியிலுள்ள குறிகளைக் கொண்டு பாருங்கள். அது 10 டிகிரியை நெருங்கினால் செயினின் ஆயுள் முடிந்துவிட்டது என்றே கொள்வேன்.

செயினை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். தேய்ந்த பற்சக்கரங்கள் புதுச் செயினையும் விரைவில் கெடுத்துவிடும் என்பதால் செயின், கிராங்க் சக்கரம், கேம் சக்கரம் ஆகிய மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சில பழைய என்ஜின்களில் கேம் சக்கரத்தின் பற்கள் நைலானால் ஆனவை. அவை உடைந்திருந்தால், துண்டுகள் ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கக்கூடும் என்பதால், என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பையும் கழற்றிச் சுத்தம் செய்யாமல் வேலையை முடிக்காதீர்கள்.

பழைய செயினை எடுக்கும் முன்பே இரு சக்கரங்களின் குறிகளையும் கையேட்டில் உள்ளபடி நேர்படுத்திவிட்டு, அதன்பின் எந்தத் தண்டையும் அசைக்காதிருங்கள். புதியதைப் பூட்டியதும் ஸ்டார்ட்டரைத் தொடாமல், கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றுங்கள். அப்போது கேம் ஒரு சுற்று முடித்து, குறிகள் மீண்டும் சந்திக்க வேண்டும். இடையில் ஏதேனும் முட்டினால் வலிந்து திருப்பாதீர்கள், வால்வு பிஸ்டனில் இடித்திருக்கலாம். முன்மூடி கழன்றிருக்கும்போதே கிராங்க் சீலையும் மாற்றிவிடுங்கள். மூடியைக் கழற்றுகையில் கூலன்ட் சம்ப்பில் வடிந்திருக்க வாய்ப்புண்டு. ஆதலால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே என்ஜினை இயக்குங்கள்.