ஒன்றாக உடைபவை ஒரே குழுவில்: தானியங்கிச் சோதனைக்குப் பேக்கேஜ்களைப் பிரிப்பது எப்படி

லினக்ஸ் விநியோகம் ஒன்றில் பேக்கேஜ்களை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் பொதிகளை, பராமரிப்பது என் வேலை. தானியங்கிச் சோதனைக்குக் குழு போடச் சொன்னால், புதிதாக வருபவர்கள் பொருள் வாரியாகத்தான் பிரிப்பார்கள்: இது கிராஃபிக்ஸ், இது அலுவலகம், இது இணையம். பயனருக்கு மென்பொருளைத் தேடிக்கொடுக்க அது நல்ல பிரிவு, சோதனைக்கு உதவாது. எது மாறினால் எது உடையும் என்று பார்த்துத்தான் குழு போட வேண்டும்.

பாப்ளரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் கோப்பைப் படித்துப் பக்கமாக வரைந்து தரும் லைப்ரரி அது, அதாவது மற்றச் செயலிகள் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் தொகுப்பு. அதன் உள் லைப்ரரி அடிக்கடி மாறும், மாறும்போது எஸ்ஓநேம் எண்ணும் (செயலிகள் லைப்ரரியை அடையாளம் காணும் பெயரில் உள்ள பதிப்பு எண்) ஏறிவிடும். வரைகலைச் செயலியான இங்க்ஸ்கேப்பும் நிலவரைபடத் தரவுகளைக் கையாளும் ஜிடாலும் அதனோடு நேரடியாக இணைகின்றன. தன்னோடு வரும் பிரதியை விட்டு விநியோகத்தின் பாப்ளரை வைத்து பில்ட் செய்திருந்தால் (மூல நிரலிலிருந்து உருவாக்கியிருந்தால்) லிப்ரெஆஃபிஸின் பிடிஎஃப் இறக்குமதிப் பகுதியும் அப்படித்தான். எண் மாறினால் இவற்றை மறுபடி பில்ட் செய்யாமல் வெளியிட முடியாது. பிடிஎஃப் பார்க்க உதவும் எவின்ஸ் செயலியின் நிலைமை வேறு. அது பாப்ளரின் ஜிலிப் இடைமுகம் என்ற தனி லைப்ரரி வழியாகப் பேசுகிறது, அந்த லைப்ரரியின் எண் வெகுகாலமாக 8-லேயே நிற்கிறது. எனவே மறுபில்ட் வேண்டாம். ஆனால் பக்கத்தை வரைவது அதே பாப்ளர்தானே, சோதிக்காமல் விடவும் கூடாது.

அதனால் நான் எப்போதும் இரண்டு பட்டியல் வைப்பேன். சேர்ந்தே வெளியாக வேண்டியவை ஒன்றில், சேர்த்துச் சோதிக்க வேண்டியவை இன்னொன்றில். இரண்டாவது எப்போதும் பெரிது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், ஒன்று தேவையில்லாத மறுபில்ட் நடக்கும், இல்லையென்றால் எவின்ஸ் போன்றவை சோதனையிலிருந்து நழுவிவிடும்.

பட்டியலைக் கையால் தொடங்காதீர்கள். எது எதை நம்பி ஓடுகிறது என்ற சார்புத் தகவலைக் கேட்டு வாங்குங்கள். ஃபெடோரா விநியோகத்தில், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிஎன்எஃப்பின் ரெப்போகொயரி கட்டளையிடம் 'இது யாருக்கெல்லாம் தேவை' என்று கேட்கலாம், ஆனால் பேக்கேஜ் பெயரைக் கொடுக்காமல் எஸ்ஓநேமைக் கொடுத்துக் கேளுங்கள், விடை துல்லியமாக இருக்கும். டெபியன் விநியோகத்தில் லைப்ரரிப் பேக்கேஜின் பெயரிலேயே அந்த எண் இருப்பதால் வேலை இன்னும் எளிது. வந்த விடையை சோர்ஸ் பேக்கேஜ் அளவில் சுருக்குங்கள், ஒரே மூல நிரலிலிருந்து (சோர்ஸ்) நிறுவத் தயாரான பல பைனரிப் பேக்கேஜ்கள் வருமே. அப்புறம், நேரடிச் சார்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். சார்பின் சார்பு என்று போனால் அடிமட்ட லைப்ரரி எதற்கும் பாதி விநியோகமே குழுவுக்குள் வந்துவிடும்.

இந்தப் பட்டியலில் தெரியாத உறவுகளும் உண்டு, அங்கேதான் மனிதக் கண் வேண்டும். ஒலி, காணொளியைக் கையாளும் ஜிஸ்ட்ரீமரின் ப்ளக்இன்கள் செயலி ஓடும்போதுதான் ஏற்றப்படுகின்றன, இணைப்புத் தகவலில் அவை தென்படாது. க்னோம் திரைச்சூழலின் முகப்பான க்னோம் ஷெல்லுக்கான நீட்சிகள் தங்களுக்கு ஒத்துவரும் ஷெல் பதிப்புகளைத் தங்கள் மெட்டாடேட்டா கோப்பில் எழுதி வைத்திருக்கும். ஷெல்லும், அதன் சாளரங்களை நிர்வகிக்கும் மட்டரும் ஒரே பதிப்பு வரிசையில் நகர வேண்டியவை. இவற்றைத் தெரிந்தவர் ஒருவர் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது பக்கத்தில் ஒரு வரி காரணமும் எழுதுங்கள், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. காரணம் எழுதாத உறுப்பினரை ஆறு மாதம் கழித்து யாராலும் நீக்க முடியாது, ஏன் சேர்த்தோம் என்பதே தெரியாதே.

சோதனையைப் பயனர் செய்யும் காரியமாக எழுதுங்கள். பாப்ளர் குழுவுக்கு: கோப்பைத் திற, ஒரு சொல்லைத் தேடு, அச்சுக்கு அனுப்பு, இங்க்ஸ்கேப்பில் இறக்குமதி செய். மாதிரிக் கோப்புகளில் கூட்டெழுத்துள்ள ஒன்றும், உள்பொதித்த எழுத்துரு இல்லாத ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். திரையை ஒப்பிடும்போது ஒவ்வொரு புள்ளியும் ஒத்துவர வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். திரையைப் பார்த்துச் சோதிக்கும் ஓப்பன்க்யூஏ கருவியே இயல்பாக 96 சதவீதம் ஒத்தால் ஏற்றுக்கொள்கிறது.

ஓட்டும்போது குழு முழுவதும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். பாதி புதியது, பாதி பழையது என்று ஓடினால் வருகிற தோல்விக்கு அர்த்தமே இல்லை. ஃபெடோராவில் இதற்கு சைட் டேக் என்ற தனி பில்ட் இடம் உண்டு: அதில் எல்லாவற்றையும் பில்ட் செய்து, அப்டேட்களை வெளியிடும் போதி அமைப்பில் ஒரே அப்டேட்டாகப் போடலாம். ஓப்பன்சூசே விநியோகத்தில் ஸ்டேஜிங் ப்ராஜெக்ட் இதே வேலையைச் செய்கிறது. உபுண்டுவில் ஒரு சோதனைக்கே பல ட்ரிகர்களை (சோதனையைத் தூண்டும் புதிய பேக்கேஜ் பதிப்புகளை) கொடுத்துப் புதியவற்றைச் சேர்த்து ஓட்டலாம்.

சரி, தோல்வி வந்தது. உடனே புதிய பேக்கேஜைக் கைகாட்டாமல், அதே சோதனையைப் பழைய தொகுதியோடும் ஓட்டுங்கள். டெபியன் இதைத்தான் செய்கிறது: டெஸ்டிங் என்ற அதன் அடுத்த வெளியீட்டுக்கான கிளையில் ஏற்கெனவே தேறிய சோதனை புதிய பதிப்போடு தோற்றால் மட்டுமே அது பின்னடைவு, அப்போதுதான் பேக்கேஜ் அந்தக் கிளைக்கு நகர்வது தடுக்கப்படும். முன்பே தோற்றுக்கொண்டிருந்ததற்கு புதிய பதிப்பைக் கொண்டுவந்த பராமரிப்பாளர் பொறுப்பல்ல. ஒருமுறை தேறி ஒருமுறை தோற்கும் சோதனையை வெளியீட்டைத் தடுக்கும் காவலாக வாசலில் நிறுத்தாதீர்கள். அதைத் தகவலுக்கு மட்டும் ஓடவிட்டு, அதற்கென ஒரு பிழைப் பதிவும் ஒரு பொறுப்பாளரும் வையுங்கள். நிலையாகத் தேறத் தொடங்கிய பிறகு மீண்டும் தடுக்கும் உரிமையைக் கொடுக்கலாம்.