வலைப்பக்கத்துக்குத் தலைப்பும் ஃபுட்டரும் வைப்பது எப்படி?

எங்கள் தெருப் படிப்பகத்தின் நூல் பட்டியலை ஒரே வலைப்பக்கமாகப் போட்டுத் தருகிறேன் என்று வாய்விட்டு மாட்டிக்கொண்டேன். பட்டியல் அரை மணி நேரத்தில் முடிந்தது. தலைப்பும், பக்கத்தின் அடியில் வரும் ஃபுட்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிவிட்டன.

எச்டிஎம்எல் கோப்பைத் திறந்து எழுதிச் சேமிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். டேகுகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

படி 1: தலைப்பு

தலைப்பு இரண்டு வகை. பிரவுசரின் டேபில் தெரிவது டைட்டில். அது ஹெட் பகுதிக்குள் இருக்க வேண்டும். பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் தெரிவது எச்1, அது பாடிக்குள். புக்மார்க் செய்தால் பெயராகப் பதிவது டைட்டில்தான். அதனால் வெறுமனே ‘முகப்பு’ என்று வைக்காதீர்கள். பத்து புக்மார்க்குகளுக்கு நடுவே அது யாருடைய முகப்பு என்று எப்படித் தெரியும்?

<டைட்டில்>நூல் பட்டியல் - தெருப் படிப்பகம்</டைட்டில்>

நான் சறுக்கியது இங்கேதான். சேமித்துத் திறந்தால் பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு நூலின் பெயர்கூட இல்லை. கோப்பு அழிந்துவிட்டதோ என்று பதறிப் போய்த் திறந்து பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தது. டேபின் மேல் மவுஸை வைத்தபோதுதான் பிடிபட்டது: தலைப்பைத் தொடர்ந்து நான் கோப்பில் எழுதியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. மூடும் டேகில் சாய்கோட்டை விட்டிருந்தேன். பத்தி டேகை மூட மறந்தால் பிரவுசர் பொறுத்துக்கொள்ளும். டைட்டிலில் அந்தச் சலுகை கிடையாது. மூடும் டேக் கண்ணில் படும்வரை வருவதெல்லாம் அதற்குத் தலைப்புதான்; பட்டியல் முழுவதும் தலைப்புக்குள் போய்விட்டது.

வண்ணம் காட்டும் எடிட்டராக இருந்தால் இது உடனே தெரிந்திருக்கும். என் சிபாரிசு நோட்பேட்++. ஒரு பக்கத்துக்காக விஎஸ் கோடு என்ற பெரிய எடிட்டரை நிறுவுவது மலையைக் கெல்லி எலி பிடிக்கிற வேலை.

டைட்டிலுக்கு மேலே <மெட்டா சார்செட்="யுடிஎஃப்-8"> இருக்கட்டும். கோப்பின் எழுத்துகள் எந்த முறையில் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று பிரவுசருக்குச் சொல்வது இதுதான். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்துவிட வேண்டும் என்பது விதி. யுடிஎஃப்-8இல் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 15 பைட் ஆகும் என்பதால், கோப்பின் உச்சியில் தமிழில் நீளமாகக் குறிப்பு எழுதி இதைக் கீழே தள்ளிவிடாதீர்கள்.

படி 2: ஃபுட்டர்

இதைச் சிலர் அடிக்குறிப்பு என்கிறார்கள். எனக்கு அது நூல்களில் எண் போட்டு வருவதைத்தான் நினைவூட்டுகிறது. ஃபுட்டர் என்றே சொல்கிறேன். பாடியை மூடுவதற்குச் சற்று முன்னால்:

<ஃபுட்டர்>மாலை 5 முதல் 8 வரை. திங்கள் விடுமுறை.</ஃபுட்டர்>

பதிப்புரிமை ஆண்டைவிட, பட்டியலைக் கடைசியாகத் திருத்திய தேதியைப் போடுவது வாசகருக்கு உதவும்.

பட்டியல் சிறியதாக இருந்தால் ஃபுட்டர் திரையின் நடுவிலேயே நின்றுவிடும். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஃபுட்டரின் பொசிஷனை ஃபிக்ஸ்டு ஆக்கிப் பார்த்தேன். கீழே ஒட்டிக்கொண்டது, ஆனால் நீளமான பட்டியலில் கடைசி நூலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சரியான வழி இது: சிஎஸ்எஸ்ஸில் பாடிக்கு டிஸ்ப்ளே ஃபிளெக்ஸ், ஃபிளெக்ஸ்-டைரக்ஷன் காலம் (நெடுவரிசை), மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) 100விஎச், அதாவது திரையின் முழு உயரம், மார்ஜின் 0. ஃபுட்டருக்கு மார்ஜின்-டாப் ஆட்டோ. இவ்வளவுதான்.

அந்த மார்ஜின் 0 எதற்கு? பிரவுசர் தானாகவே பாடியைச் சுற்றி 8 பிக்சல் இடம் விடும். மேலும் கீழும் சேர்ந்து 16 பிக்சல் கூடிவிட, நாலு வரிப் பக்கத்துக்கும் ஸ்க்ரோல் பட்டை முளைக்கும்.

பிற்சேர்க்கை: கைபேசியில் ஃபுட்டர் திரைக்குக் கீழே ஒளிந்துகொள்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். முகவரிப் பட்டை மறைத்திருக்கும் உயரத்தையும் 100விஎச் கணக்கில் சேர்த்துக்கொள்வதால் வரும் வினை அது. அந்த வரிக்கு அடுத்ததாக மின்-ஹைட் 100டிவிஎச் என்று இன்னொரு வரி சேருங்கள். முதல் வரியை அழிக்க வேண்டாம். புதியதைப் புரிந்துகொள்ளாத பழைய பிரவுசர்கள் அதைத்தான் எடுத்துக்கொள்ளும்.