நாஸ் பெட்டி போச்சு, படங்கள் பிழைத்தன: என் அனுபவம்

ஒரு நாள் காலையில் வீட்டு நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டி) விளக்கை மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது. அடாப்டரை மாற்றியும் பலனில்லை. போர்டு போய்விட்டது. உள்ளே ரெய்டு 1 என்ற இணைப்பு முறையில் இரண்டு 4 டிபி டிஸ்க்குகள், அவற்றில் அப்பாவின் கடைசிப் படங்கள். கை நடுங்கியது.

கழற்றும் முன் 1, 2 என்று மார்க்கரால் எழுதினேன். ரெய்டு 1-ல் இரண்டிலும் ஒரே தரவுதான். ஆகவே ஒன்றை அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டு, மற்றதை மட்டும் கணினியின் சாட்டா போர்ட்டில் மாட்டினேன். விண்டோஸ் பக்கமே போகாதீர்கள். 'இனிஷியலைஸ் செய்யவா' என்று அது கேட்கும்போது ஓகே தட்டினால், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்டிஷன் அட்டவணை அழியும். பென்டிரைவிலிருந்து உபுண்டு லினக்ஸை பூட் செய்து, முதலில் ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் குறிப்பு) பார்த்தேன். படிக்க முடியாத செக்டர் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் மூச்சு வந்தது.

இப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றில் ஓடுவது லினக்ஸின் மென்பொருள் ரெய்டுதான். அதைக் கையாளும் எம்டிஏடிஎம் கட்டளையில் 'ரீட்ஒன்லி' (படிக்க மட்டும்), 'ரன்' இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். 'ரன்' கொடுக்காவிட்டால் ஒற்றை டிஸ்க்கோடு அது கிளம்பாமல் நிற்கக்கூடும். பிறகு மவுண்ட் செய்ததும்கூட, அதாவது கோப்புகளைத் திறந்ததும்கூட, படிக்க மட்டும்தான்.

எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் நகலெடுத்து, செக்சம் (நகல் அசலோடு ஒத்திருக்கிறதா என்று காட்டும் எண்) ஒப்பிட்ட பிறகே புதுப் பெட்டி வாங்கினேன். அதிலும் பழைய டிஸ்க்கைச் செருகவில்லை. முதல் அமைப்பின்போதே டிஸ்க்கை அழிக்கும் பெட்டிகள் உண்டு.